துடைப்பம் கட்டிய வேன்

ஐந்து நாட்களாக ஜெசிந்தாவின் பின்னாலேயே அந்த வேன் ஊர்ந்து வந்தது. சைக்கிள் பந்தயத்தின் கடைசி வண்டி அது. முகப்பில் ஒரு துடைப்பம் கட்டியிருக்கும். மிதிக்க முடியாமல் நின்றுவிட்டவர்களின் முதுகிலிருந்து எண் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, அவர்களைச் சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும். அந்தத் துடைப்பம் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் அன்றைய பந்தயம் முடிந்ததாகக் கணக்கு.

வேனில் இருந்த அருளப்பனின் மடியில் இதுவரை பதினொரு அட்டைகள் சேர்ந்திருந்தன.

"ஏறிக்கோம்மா. மலை இன்னும் பாக்கி இருக்கு" என்பார் தினமும்.

"வேணாம் சார்."

ஆறாம் நாள், கடைசிக் கொண்டை ஊசி வளைவுக்குக் கொஞ்சம் கீழே, பின்னால் எஞ்சின் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தாள். வேனின் முன்பக்கத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அருளப்பன் இறங்கி நின்று, நீ போ என்று கையை ஆட்டினார்.

உச்சியில் அலங்கார வளைவின் கயிறுகளை அவிழ்க்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். அவள் கோட்டைத் தாண்டியதும் ஒருவர் கேட்டார். "நீதானே கடைசி? அவுத்துரலாமா?"

"இல்லண்ணே. எனக்குப் பின்னாடி ஆள் வராங்க."

தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல், எண் அட்டை முதுகில் படபடக்க, பாதையைப் பார்த்து நின்றாள். வெகுநேரம் கழித்து கொண்டை ஊசி வளைவில் அருளப்பன் தெரிந்தார். தோளில் துடைப்பத்தைச் சாத்திக்கொண்டு, மூச்சிரைக்க நடந்து வந்தார்.

ஜெசிந்தா கைதட்டத் தொடங்கினாள்.