மூக்கில்லாதவள்

மூக்கில்லாதவள் மறுபடியும் வளர்ந்திருந்தாள்.

ஆய்வு மாணவி கருவியில் வந்த எண்ணைப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். எனக்குத்தான் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. கழுவிய குடுவைகளையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

மூக்கில்லாதவள் ஒரு பாக்டீரியா. பெயர் வைத்தது அந்தப் பெண்தான். கிருமியைக் கொல்ல நம் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை அதன்மேல் விடும். கிருமி லேசுப்பட்டதா என்ன? ஒரு புரதத்தை வைத்து அதை மோப்பம் பிடித்துவிடும். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்து, வாயுவை முறிக்க வேண்டியதைத் தயார் செய்துகொண்டு எழுந்துவிடும்.

அந்தப் புரதம் இல்லாவிட்டால் எழவே எழாது என்பது இவளுடைய ஐந்து வருட வாதம். அதை வெட்டியெடுக்கவே நாலு வருடம் போயிற்று. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்கவேண்டும்.

காலை பத்தரைக்கு, புரதம் உள்ள கிருமிக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்றிருந்த இரண்டு குடுவையிலும் வாயுவை விடும் மருந்தை ஊற்றினாள். இப்போது மணி மூன்று. மூக்குள்ளவளும் வளர்கிறாள், மூக்கில்லாதவளும் வளர்கிறாள்.

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மருந்தைக் கரைத்தது நான். கரைத்த இரண்டு நிமிடத்துக்குள் ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயு போய்விடும், மிஞ்சுவது வெறும் தண்ணீர். சரியாக அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் செய்தாள். அவள் பேச ஆரம்பித்தால் லேசில் வைக்கமாட்டாள். வராந்தாவில் நின்று இருபது நிமிடம் 'ம்' கொட்டிவிட்டு வந்து, மருந்துக் குழாயை மாணவியின் மேஜையில் வைத்தேன். ஊற்றுவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் கழுவும் இடத்துக்கு வந்துவிட்டேன்.

பதினாறு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். என் கை பட்டால் தப்பாது என்று பேர். பேர் போய்விடுமே என்று வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடுதான்.

வளர்ச்சியைக் காட்டும் அடுத்த எண் இன்னும் கூடியிருந்தது. அவள் நோட்டை மூடிவிட்டு, கோட்டின் கையால் முகத்தைத் துடைத்தாள்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

"கண்ணு, அழாதே. அது செத்த மருந்து. கரைச்சு வச்சுட்டு இருபது நிமிஷம் போன்ல நின்னுட்டேன். நாளைக்கு ஒழுங்கா செஞ்சா சரியா வந்துடும், நீ சொன்னது ஒண்ணும் பொய்யாகல."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவள் நோட்டைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும்க்கா. நீங்க வராந்தால நின்னதைப் பார்த்தேன். அதைக் கொட்டிட்டு நானே புதுசா கரைச்சு ஊத்திட்டேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னுதான் சொல்லல."

திரையை என் பக்கம் திருப்பினாள். காலையிலிருந்து எடுத்த எண்களெல்லாம் இரண்டு கோடுகளாக வந்திருந்தன. மருந்து ஊற்றியதும் நாற்பது நிமிடம் இரண்டும் அசையாமல் கிடந்தன. பிறகு இரண்டும் சேர்ந்தே எழுந்தன.

மருந்து வேலை செய்திருக்கிறது; இவளுடைய வாதம்தான் பொய்யாகியிருக்கிறது.

தப்பு என்னுடையதாகவே இருந்திருக்கக்கூடாதா என்று ஈரக்கையோடு நின்றேன்.