ரெனிஷின் சுயநலம்

"கோயிலுக்கு வாலே. ரெண்டு பேருமா மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்துருவோம்."

ராயப்பன் ரெனிஷின் கையை விடவே இல்லை. இருவரும் அப்போதுதான் கரை ஏறியிருந்தார்கள்.

காலையில் நடுக்கடலில் ராயப்பனின் வள்ளத்தில் இஞ்சின் நின்றுபோனது. காற்று வேறு கிளம்பிவிட்டது. வள்ளம் பாறைப் பக்கமாக இழுபட, வயர்லெஸ்ஸில் கத்தினார். கேட்டது ரெனிஷுக்குத்தான். கடலில் விரித்திருந்த தன் வலையை இழுத்து முடிப்பதற்குள் நேரமாகிவிடும் என்று, மீனோடு அதை அறுத்து விட்டுவிட்டு ஓடி வந்தான். கயிறு போட்டு அவர் வள்ளத்தைக் கரைக்கு இழுத்து வந்தவனும் அவன்தான்.

"நான் கோயில் பக்கம் வந்து பத்து வருசமாச்சு அண்ணாச்சி. நீங்க போய்ட்டு வாங்க."

"ஏலே, மாதாதான் உன்னை அனுப்புனா."

"மாதா எங்க கூப்பிட்டா? வயர்லெஸ்ல நீங்கதான கத்துனீக!"

கரையிலிருந்த மீன் ஏலக்கூடத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ராயப்பனுக்குச் சுருக்கென்றது.

"சாமி பயமே இல்லாதவன் எதுக்குலே வலையை அறுத்துட்டு வந்தே?"

"எல்லாம் சுயநலம்தான். நாளைக்கு என் இஞ்சின் நின்னா நீங்க வரணும்லா? இன்னைக்கு நான் வரலைன்னா, அன்னைக்கு நீங்க கண்டும் காணாம போயிருவீக."

"அப்ப நான் உனக்கு இன்சூரன்ஸாலே?"

"ஆமா அண்ணாச்சி. பிரீமியம் கட்டியாச்சு!"

மீன் எடுக்க வந்த ஆறுமுகத்தாய் முகத்தைச் சுளித்தாள். "உசுரைக் காப்பாத்துனவன் பேசுத பேச்சா இது? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்."

ராயப்பன் கையை விட்டுவிட்டார். தனியாகத்தான் கோயிலுக்குப் போனார். மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட எரிச்சல் அடங்கவில்லை.

சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தார். வீட்டில் பிரிக்காமல் வைத்திருந்த புது வலையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய், ரெனிஷ் வீட்டு வாசலில் தொப்பென்று போட்டார்.

ரெனிஷ் இல்லை. அவன் மனைவி விஜிலா எட்டிப் பார்த்தாள்.

"இந்தா தாயி. உம் புருசன் அறுத்த வலைக்குப் பதில் வலை. நாளைக்கே எடுத்துட்டுத் தொழிலுக்குப் போகச் சொல்லு. சுயநலத்துக்குச் செஞ்சவனுக்கு நான் நன்றி சொல்லிக்கிட்டு நிக்க மாட்டேன்."

விஜிலா வலையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வலை எதுக்கு அண்ணாச்சி? வள்ளத்தை நேத்தே மணப்பாட்டுக்காரருக்கு வித்தாச்சே."

"வித்தாச்சா! யாருக்குமே தெரியாதே?"

"சொன்னா ஆளாளுக்கு வந்து அழுவாகன்னு அவுக மூச்சு விடலை. ஞாயித்துக்கிழமை மஸ்கட்டுக்கு பிளைட்டு. அங்க ஏசி மெக்கானிக் வேலை."

"அப்ப இன்னைக்குக் கடலுக்கு வந்தது?"

"வாங்குனவர் நாளைக்குத்தான் வள்ளத்தை எடுத்துட்டுப் போறார். அதுக்குள்ள கடைசியா ஒருதடவை போய்ட்டு வாரேன்னு போனாக. இனிமே அவுக கடலுக்கே போகப்போறதில்லை அண்ணாச்சி."