ஆடு விட வேண்டிய பழக்கம்

செங்கோட்டுவேலுக்கு முப்பத்தாறு வயது. பெண் பார்க்க வந்த பதினோராவது வீடு இது. ஜாதகத்தை யாரும் கேட்கவில்லை, நலப் புத்தகத்தைத்தான் கேட்டார்கள். வீட்டுக்கு ஒரே புத்தகம். மனிதர், ஆடு, கோழி, கிணறு என்று அத்தனை பேர் ஆரோக்கியமும் அதில் பதிவாகியிருக்கும்.

"எங்க பையனுக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லீங்க. வெத்தலைகூடப் போடமாட்டான்" என்றாள் அவன் அம்மா.

செங்கோட்டுவேல் பவ்யமாகத் தலைகுனிந்து கேசரி தின்றான். பரிசோதனைத் தேதியை மனிதர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அதற்காகப் பத்து நாள் வாயைக் கட்டியிருந்தான். புத்தகத்தில் அவன் பக்கம் சுத்தமாகவே இருந்தது.

ஆட்டுக்குத்தான் யாரும் தேதி சொல்வதில்லை.

வேனில் என்ற அந்த வீட்டுப் பெண் புத்தகத்தைப் புரட்டி, அவன் பக்கத்தைத் தாண்டி, கிணற்றையும் தாண்டி, வெள்ளாட்டுப் பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்கத்தை, ஆட்டு நெஞ்சுல சிகரெட் புகைன்னு எழுதியிருக்குதே?"

"ஆட்டுக்கா?" அம்மா வாயைப் பிளந்தாள்.

"ஆட்டுப்பட்டிப் பக்கம் ஆரு போவாங்க?"

"இவன் ஒருத்தன்தான் அம்மிணி. சோறு உண்டதும் அங்க போய் நின்னுக்குவான். ஆடுன்னா அவனுக்கு அத்தனை உசுரு!"

செங்கோட்டுவேல் கேசரித் தட்டைக் கீழே வைத்தான். இந்தப் பெண்ணை அவனுக்கு வேறு பிடித்துத் தொலைத்திருந்தது.

வேனில் புத்தகத்தை மூடி அவனிடமே நீட்டினாள்.

"எனக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்குதுங்க. ஆடு சிகரெட்டை விட்டதும் சொல்லியனுப்புங்க, நிச்சயம் பண்ணிக்கலாம்."