பூதத்தின் வாய்

“நிறுத்துங்கய்யா! இனிமே ஒருத்தரும் இங்க பந்து எறியாதீங்க!”

மாணிக்கவேல் போட்ட சத்தத்தில் ராட்டினத்துப் பக்கம் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாசி மகக் கூட்டம் மணிமுத்தாற்று மணல் முழுக்க மொய்த்திருந்தது.

அவன் நின்ற பந்து எறிகிற கடையில் சுட்ட மண்ணாலான பெரிய பூதத் தலை ஒன்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மீசையும் கோரைப்பல்லும் அவ்வளவு ஜோர். வாய்க்குள் ரப்பர் பந்தைப் போட்டுவிட்டால் டிரான்சிஸ்டர் பரிசு. மாணிக்கவேல் எறிந்த பந்தெல்லாம் உதட்டில் பட்டு அவன் காலடிக்கே திரும்பி வந்தது.

“பூதத்துக்கு இன்னிக்கு ஒருபொழுது விரதம் போலருக்குது!” என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது.

மாணிக்கவேல் சிரிக்கவில்லை. ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிற வேலைதான் என்றாலும், திருவிழா ஆட்டங்களில் அவன் புலி. எந்தக் கடைத் துப்பாக்கி கோணல், எந்தக் கடை வளையம் சின்னது என்று மனப்பாடமாகச் சொல்வான். கயிற்றைத் தாண்டிக் குதித்து, பந்தைக் கையாலேயே பூதத்தின் வாயில் வைத்து அழுத்தினான். பந்து உள்ளே போகவில்லை.

“பாத்தீங்களா? கையால வச்சே நுழையல, எறிஞ்சா எப்படி நுழையும்?”

கடைக்காரன் காத்தவராயனின் முகம் வெளிறியது. அவனே பந்தை வாங்கி அழுத்திப் பார்த்தான். திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தான்.

“அண்ணே, சத்தியமா எனக்குத் தெரியாது. இன்னிக்குத்தான் இத வச்சேன். செத்த இருங்க, கடைத்தெருவுல சின்னப் பந்தா வாங்கியாரேன்.”

“ஊரையே ஏமாத்திட்டு இப்ப சின்னப் பந்தா?” மாணிக்கவேலின் குரல் ஏறியது. “ஆட்டத்துல தோக்கறது தப்பில்லய்யா. எவ்வளவு கஷ்டமா வேணா வையி, தோத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போறோம். ஜெயிக்க வழியே இல்லாம வச்சா அதுக்குப் பேரு ஆட்டமா? பத்திரிகைக்கு எழுதிப் போடறேன் பாரு!”

“நல்லாக் கேளுண்ணே!” என்றது கூட்டம்.

“வேணாங்க. வாங்க போவலாம்.” கனகா கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மண் பொம்மை செய்கிற யூனிட்டில் வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். முழங்கையில் வெள்ளை மண் மாவு இன்னும் ஒட்டியிருந்தது. ஆற்றில் இறங்கியதும், ‘மொதல்ல பூதத்துக்கிட்ட போவலாங்க’ என்று அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவளே அவள்தான். டிரான்சிஸ்டர் மேல் ஆசையாக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

“நீ சும்மா இரு கனகா. நாம வுட்டா நாளைக்கு இன்னொருத்தன் ஏமாறுவான்.”

விழாக் கமிட்டி சுப்புராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவரும் பந்தை அழுத்திப் பார்த்தார்.

“எந்தூருய்யா நீ?”

“வேப்பூருங்க. இந்த ஊருல பேரு கெட்டா அப்புறம் சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம், எந்தத் திருவிழாவுலயும் கடை போட வுட மாட்டாங்க. பொழப்பே போயிடும். கொஞ்சம் நம்புங்க.”

“இந்தத் தலைய எவன் செஞ்சு குடுத்தான்?” மாணிக்கவேல் குறுக்கே புகுந்தான். “சொல்லு, அந்தக் கூட்டுக் களவாணியையும் இழுத்தாந்து நிறுத்தறோம்!”

“ஆமா, இழுத்தாங்க!” நாலைந்து பேர் முன்னால் வந்தார்கள். ஒருவன் கையில் கல் இருந்தது.

“அது... இந்த ஊருல...” என்று ஆரம்பித்த காத்தவராயன் நிறுத்தினான். கூட்டத்தை ஒரு தடவை பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

“நாந்தாங்க செஞ்சேன். தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

அவ்வளவுதான். கல் பறந்தது. பூதத்தின் நெற்றி பிளந்து, மீசை மணலில் விழுந்தது. “ஐயோ!” என்று கனகா அலறியது யாருக்கும் கேட்கவில்லை.

“மூட்டையக் கட்டு. இனிமே இந்தப் பக்கம் தலை காட்டாத” என்றார் சுப்புராயன். “மத்த ஊருக் கமிட்டிக்கும் நான் சொல்லி வுட்டுடறேன்.”

காத்தவராயன் உடைந்த துண்டுகளைச் சாக்கில் பொறுக்கிப் போட்டான். பரிசுக்கு வைத்திருந்த டிரான்சிஸ்டரைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான்.

வழியெல்லாம் ஜனங்கள் மாணிக்கவேலின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பாலத்தின் மேல் ஏறிய பிறகுதான் கனகா பின்னாலேயே நின்றுவிட்டது அவனுக்குத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, ஒரு ஏமாத்துக்காரனுக்காவ அழுவுறியா? அவனே ஒத்துக்கிட்டான் இல்ல?”

கனகா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்தாள்.

“அந்தப் பூதத்த செஞ்சது நாந்தாங்க, பச்சை மண்ணா இருந்தப்ப பந்து தாராளமாப் போச்சு, சூளையில வெந்தா சுருங்குமேன்னு வாயக் கொஞ்சம் பெருசா வைக்க மறந்துட்டேன்... உங்க பக்கத்துல என்னைப் பாத்துட்டுத்தான் அந்த அண்ணன் பழிய தன் மேல போட்டுக்கிச்சு.”