இரண்டு மணி

வெளியே கொட்டும் பனியையும் தையல்கடை மேசைமேல் இருக்கும் புதுப் போனையும் ஜெயரட்ணம் மாறி மாறிப் பார்க்கிறார். மனைவி யோகராணி இங்கிருந்து பஸ் ஏறி ஒன்றரை மணி நேரமாகிறது. பதினெட்டு வருடமாக, வீடு சேர்ந்ததும் அவள் கடைப் போனை இரண்டு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவாள். வந்துவிட்டாள் என்று அர்த்தம், அவர் எடுப்பதில்லை. இன்று மதியம்தான் பழைய செம்புக் கம்பி இணைப்பை வெட்டி, போனை இன்டர்நெட்டுக்கு மாற்றினார்கள். அது வாயே திறக்கவில்லை. வீட்டுக்குப் போன் எடுப்போம் என்று கையை நீட்டும்போது ஒரு சிவப்பு விளக்கு மினுங்குகிறது. “அங்கிள், போனை இனி முதல்லை மெசின்தான் பொம்பிளைக் குரலிலை எடுக்கும். மெசேஜ் ஒண்டு கிடக்கு,” என்று, போன் மாற்ற வந்து வயர் சுருட்டிக்கொண்டிருக்கும் நிரோஷினி பொத்தானை அழுத்துகிறாள். யோகராணியின் குரல் கடையை நிறைக்கிறது. “ஆர் பிள்ளை நீர், கடைக்குப் புதுசோ? நான் வீட்டை வந்திட்டன் எண்டு அவரிட்டைச் சொல்லும். வழுக்கி விழேல்லை எண்டும் சொல்லும். பாவம், பாத்துக்கொண்டு நிப்பார்.” நிரோஷினிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அன்ரி மெசினோடை கதைச்சிருக்கிறா! பழையபடி மணி அடிக்கிற மாதிரி மாத்திவிடட்டோ?” ஜெயரட்ணம் கண்ணாடியைக் கழற்றி, வெட்டி வைத்த பட்டுத்துண்டு ஒன்றால் மெல்லத் துடைக்கிறார். “அது பிறகு பாப்பம். இன்னொருக்காப் போடும், பிள்ளை.”