ஐந்து சொற்கள்

“படகு, மிளகு, ஏணி, குதிரை, ஜன்னல். எங்க, திருப்பிச் சொல்லு.”

கோவி என் அறை மேசைமேல் உட்கார்ந்திருந்தான். ஸ்கேட்டைக் கழற்றவில்லை. உடம்பெல்லாம் வியர்வை.

ஐஸ் ஹாக்கி ஆட்டத்தின் இரண்டாம் பகுதி முடியும் நேரத்தில் பனித்தளத்தின் ஓரப் பலகையில் தலை மோதி விழுந்தான். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தான். எழுந்தவன் நேராக எதிரணியின் பெஞ்சில் போய் உட்காரப் பார்த்தான்.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் ரத்தம் வந்தால்தான் காயம்.

“படகு, மிளகு, ஏணி, குதிரை, ஜன்னல்,” என்றான்.

“குதிரையாம்!” கதவில் சாய்ந்து நின்ற கோச் ஹால்வி சிரித்தார். “கழுதைன்னு சொல்லிக் குடு, காலேஜ். கண்ணாடி பாத்த மாதிரி இருக்கும், மறக்கவே மாட்டான்.”

கோவியும் சிரித்தான்.

காலேஜ் என்பது நான்தான். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாருக்கும் இந்த ஊர்க் காகித ஆலைதான் பள்ளிக்கூடம். வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. விளையாட்டுக் காயங்களைப் பற்றிப் படித்து, இந்த அணிக்கே சிகிச்சை பார்க்க வந்தேன். ஹால்வி ‘காலேஜ்’ என்பதை ஏதோ தொற்றுநோய் மாதிரி சொல்வார்.

அவர் கையில் கைப்பேசி இருந்தது. மேல் லீக்கின் மேலாளர் கொஞ்ச நேரத்தில் திரும்ப அழைப்பதாகச் சொல்லியிருந்தார். அவர்கள் அணியில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது. நாளைக்கே ஆள் வேண்டும். கோவிதான் வேண்டும்.

கோவிக்கு முப்பத்தொரு வயது. இந்தக் கீழ் லீக்கில் பேருந்திலேயே தூங்கி, பேருந்திலேயே தின்று, கோடையில் மாமனாரோடு கூரை வேலைக்குப் போய்க் காலத்தை ஓட்டியவன். மேலிருந்து அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை. அங்கே ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டால் போதும். பிறகு சாகிறவரை அவன் அங்கே ஆடியவன்.

ஆனால் தலையில் அடிபட்டவன் விமானம் ஏற, என் வாயிலிருந்து ‘சரி’ என்று வர வேண்டும். அது விதி. அந்த விதியைத்தான் ஹால்விக்குப் பிடிக்காது. என்னையும்.

“மாசத்தையெல்லாம் டிசம்பர்லேர்ந்து பின்னாடி சொல்லு.”

சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட்டான். தலை வலிக்கிறதா என்றதற்கு, “உன்னைப் பாத்தாத்தான் வலிக்குது” என்றான்.

சுவருக்கு அப்பால், பனித்தளத்தைச் சமன்செய்யும் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம். கூட்டத்தில் பாதி குழந்தைகள். அவர்கள் கோவியின் பெயரைச் சொல்லிக் கத்துவது உள்ளே வரை கேட்டது.

“பாஸா, டாக்டரம்மா?” என்றான் கோவி.

“கடைசியா ஒன்னு. அந்த அஞ்சையும் இன்னொரு தடவை சொல்லு.”

அவன் யோசிக்கவே இல்லை.

“சாவி, எலுமிச்சை, தொப்பி, பாலம், பூனை.”

“அஞ்சுக்கு அஞ்சு!” ஹால்வி கதவில் ஓங்கித் தட்டினார். “பாத்தியா காலேஜ்? கோவி, இரும்பு மண்டைடா உனக்கு! போய்க் குளி. சூட் வச்சிருக்கியா, இல்ல என்னோடதைப் போட்டுக்கறியா?”

சாவி, எலுமிச்சை, தொப்பி, பாலம், பூனை. போன வருடம் வரை இந்த லீக்கில் எல்லா ஊரிலும் தலையில் அடிபட்டவனிடம் கேட்டுக்கொண்டிருந்த சொற்கள். மட்டையில் டேப் சுற்றக் கற்றுக்கொடுப்பதுபோல, புதிதாக வருகிறவனுக்குப் பேருந்தின் பின்வரிசையில் இதையும் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். மண்டையே பிளந்தாலும் வாய் தானாகச் சொல்லும்.

அதனால்தான் இந்த வருடம் மாற்றினேன்.

நான் சொன்னதில் ஒன்றுகூட அவனிடம் மிஞ்சவில்லை. அது அவனுக்குத் தெரியவும் இல்லை. என் முகத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்.

கோபம் எனக்கு அவன்மேல் இல்லை. தப்பென்று தெரிந்தே கைதட்டுகிற கோச்மேல்.

“கோச், ஒரு நிமிஷம். நீங்களும் இங்கதானே நின்னீங்க. நான் சொன்ன அஞ்சு என்ன?”

“அட, எனக்குமா பரீட்சை?” கோவியைப் பார்த்துக் கண்ணடித்தார். கையை விரித்து விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். பதினான்கு வருடம் ஆட்டக்காரராக, பனித்தளத்தில் கையுறையை வீசிவிட்டுச் சண்டைபோட்டுப் பிழைத்த கை. விரல்கள் முழுதாக நீளாது. அடித்த அளவுக்குத் தலையில் வாங்கியவர் என்று ஊரே சொல்லும்.

“சாவி. எலுமிச்சை. தொப்பி. பாலம். பூனை. போதுமா?”

பொய் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கும் விதம் எனக்குத் தெரியும். அவர் அப்படிப் பார்க்கவில்லை.

“குதிரைன்னு ஒன்னு சொன்னேனே, கோச்.” என் குரல் எனக்கே தெரியாமல் தணிந்துவிட்டது. “நீங்ககூட சிரிச்சீங்களே.”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

“எந்தக் குதிரை?”

அவர் கையில் கைப்பேசி அடித்தது.

கோவி என்னைப் பார்க்கவில்லை. ஹால்வியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “எடுக்க வேணாம், கோச்,” என்று குனிந்து, ஸ்கேட்டின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.