புதன் நான்கு மணி

நான்கு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது அவள் மனநல டாக்டர் வீட்டின் பக்கவாசல் கேட்டைத் திறந்தாள்.

எப்போதும் அந்த நேரம்தான். சீக்கிரம் வந்தால் முந்தைய ஆளின் முகத்தைப் பார்க்க நேரும். தாமதித்தால் தனக்குரிய ஐம்பது நிமிடத்தில் குறையும். ஆறு வருடப் புதன்கிழமைகளில் அது கைவந்த கலையாகிவிட்டது.

இன்று சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியம். பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். போன வாரம் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த வாரம் ஒண்ணு சொல்லணும் டாக்டர்" என்றிருந்தாள்.

"சொல்லுங்க. இங்கதானே இருக்கேன்" என்றார் அவர்.

அறைக்கதவு சாத்தியிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள். மடியில் ஒரு டைரி.

அந்த வீட்டின் உள்ளிருந்து குக்கர் விசில் கேட்டிருக்கிறாள். மனிதர் யாரையும் பார்த்ததில்லை.

"புதன் நாலு மணியா?" என்றார் அம்மாள்.

அவள் தலையாட்டினாள்.

"நான் அவர் வீட்டுக்காரி, எஸ்தர். சனிக்கிழமை காலைல அவர் தவறிட்டார்மா. ஞாயித்துக்கிழமை அடக்கம் பண்ணினோம்."

டைரியைத் திருப்பிக் காட்டினார். கிழமை, மணி, பக்கத்தில் ஒரு பென்சில் கோடு. ஒரு பெயர்கூட இல்லை. மனம் திறக்க வருகிறவர் யார் என்பது கட்டிய மனைவிக்கும் தெரியக் கூடாது என்பது டாக்டர் ஞானராஜின் பிடிவாதம். போன் நம்பரும் எழுதிவைக்கவில்லை. யாருக்கென்று தகவல் சொல்வது? திங்கட்கிழமையிலிருந்து எஸ்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற ஒவ்வொருவரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். இவள் ஒன்பதாவது ஆள்.

"போர்டு எழுதி மாட்டிடலாம்னு மக சொன்னா. எனக்குத்தான் மனசு வரல."

அவளுக்குக் கோபம் வந்தது. அழுகை வர வேண்டிய நேரத்தில் கோபம். இங்கதானே இருக்கேன் என்று சொன்ன மனிதர்.

அதற்கும் ஒரு பெயர் உண்டு. அவளுக்குத் தெரியாத பெயரா? வந்த முதல் வருடமே நூலகத்தில் இருந்த உளப்பகுப்பாய்வுப் புத்தகங்களையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டாள். அப்பாமேல் இருக்கும் கோபத்தை டாக்டர்மேல் காட்டினால் உணர்வு இடமாற்றம். சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழையைப் பற்றிப் பேசினால் தடை. தாங்க முடியாததை மனம் நனவிலிக்குள் தள்ளிப் பூட்டிக்கொண்டால் ஒடுக்கம். சோபாவில் படுத்தபடி பாடம் ஒப்பிப்பாள். தலைமாட்டில், கண்ணுக்குப் படாத நாற்காலியிலிருந்து, அவர் சிரிப்பது கேட்கும்.

"பேரெல்லாம் சரிம்மா. என்ன நடந்துச்சு?"

அவளுடைய நான்கு மாதக் குழந்தை ஆதிரை இறந்துபோனது. இதயத்தில் ஓட்டை. அதை டாக்டரிடம் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தா, மாமியார் கேட்ட கேள்வி, வேலைக்குத் திரும்பிய நாள், எல்லாம் சொன்னாள்.

அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை.

இனி யாரிடம் சொல்வது?

துக்க வீட்டில் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் திரும்பினாள்.

"உட்காருங்களேன். உங்க நேரம்தானே."

படியில் உட்கார்ந்தாள்.

எஸ்தர் டைரியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அழுகையே வரலம்மா" என்றார் எஸ்தர். "ஒரு வருஷமா அவருக்கு மூச்சு முட்டும். ராத்திரி பூரா நிமிர்த்தி உட்கார வெச்சுப் பிடிச்சுக்கிட்டே இருப்பேன். பகல்ல உங்களுக்கெல்லாம் தெரியாம சமாளிச்சுட்டார். அடக்கம் முடிஞ்சு வந்து படுத்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். காலைல எழுந்தா உடம்பு லேசா இருக்கு. நானெல்லாம் ஒரு பொண்டாட்டியான்னு தோணுது."

குற்றவுணர்வு. தற்காப்பு. பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அவள் ஒன்றையும் எடுக்கவில்லை.

"நானும் தூங்கினேம்மா."

எஸ்தர் திரும்பிப் பார்த்தார்.

"ஆதிரை... என் குழந்தை. அவ போன அன்னிக்கு ராத்திரி. நாலு மாசமா கண்ண மூடல. அன்னிக்கு நல்லா தூங்கினேன்."

சொல்லிவிட்டாள். ஆறு வருடம் உள்ளே கிடந்ததை, படியில் உட்கார்ந்து சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எஸ்தர் கையை நீட்டி அவள் தோளைப் பிடித்தார். டாக்டர் ஒருநாளும் தொட்டதில்லை. தொடக் கூடாது என்பது அவர் தொழிலின் விதி.

அதன் பிறகுதான் எஸ்தருக்கு அழுகை வந்தது. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார்.

நான்கு ஐம்பதுக்கு, "இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாம்" என்பார் டாக்டர். ஆறு வருடத்தில் ஒரு நிமிடம் கூடியதில்லை.

நான்கு ஐம்பது ஆனது. நான்கு ஐம்பத்தைந்தும் ஆனது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது கேட் திறக்கும் சத்தம் கேட்டது.

கையில் ஹெல்மெட்டோடு ஒருவர். நரைத்த தாடி. வாசலில் இருவரைப் பார்த்ததும் தப்பு செய்துவிட்டவர்போல் அங்கேயே நின்றார்.

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

அவள் எஸ்தரின் மடியிலிருந்த டைரியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"புதன் அஞ்சு மணியா?" என்றாள்.